டிசம்பரில் ஹைலேண்ட்ஸ்: ரயிலுக்கும் காருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

எடின்பரோவிலிருந்து வந்த ரயில் எங்களை ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் உள்ள இன்வர்னெஸ் ஊரில் இறக்கிவிட்டபோது சனிக்கிழமை மதியம் ஒன்றேகால். நாலு பேர், ஆறு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர். வாடகை கார் அலுவலகம் டாக்சியில் பத்து நிமிடம். போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது. கதவில் ஒரு தாள்: சனி 9 முதல் 12 வரை, ஞாயிறு விடுமுறை. முன்பதிவில் நான் 'மதியம் 2 மணி' என்றுதான் போட்டிருந்தேன். தளம் ஒரு வார்த்தை கேட்காமல் காசை வாங்கிக்கொண்டது.

"மச்சான், ரயிலும் நேரத்துக்கு வந்துச்சு, காரும் புக் பண்ணியாச்சு. அப்புறம் எப்படி நடுரோட்டுல நிக்கிறோம்?" என்றான் மைத்துனன். நியாயமான கேள்வி. ரயிலை ஒருநாள் ராத்திரி பார்த்தேன், காரை வேறொரு நாள் பார்த்தேன். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கவில்லை. ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பக்கம் குளிர்காலத்தில் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் பனியில் மாட்டுவதில்லை, இந்த இடைவெளியில்தான் மாட்டுகிறார்கள்.

அதனால் கார் அலுவலகத்தின் வேலை நேரத்தை முதலில் பாருங்கள், ரயிலை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள். நாம் செய்வது தலைகீழ். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து மதியம் புறப்படும் நேரடி ரயில் இன்வர்னெஸ் சேர எட்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஊருக்குள் எந்த கார் கவுண்டரும் திறந்திருக்காது. லண்டனின் இன்னொரு நிலையமான யூஸ்டனிலிருந்து ராத்திரி கிளம்பும் கலிடோனியன் ஸ்லீப்பர் என்ற படுக்கை ரயில் காலையில் கொண்டுபோய் விடும். சாவியை வாங்கிக்கொண்டு பகல் வெளிச்சத்திலேயே கிளம்பலாம். ஆனால் சனிக்கிழமை இரவு ஸ்லீப்பர் கிடையாது, இது பலருக்குத் தெரிவதில்லை. இன்னொன்று, 'இன்வர்னெஸ்' என்று போட்டுத் தேடினால் ஊர் அலுவலகமும் விமான நிலைய அலுவலகமும் கலந்தே வரும். விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் தள்ளி டால்கிராஸில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அங்கே தனி ரயில் நிலையமே திறந்துவிட்டார்கள். வார இறுதியில் ஊர் அலுவலகம் மூடியிருந்தாலும் விமான நிலையக் கவுண்டர் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். எங்களையும் அன்றைக்குக் கடைசியில் காப்பாற்றியது அதுதான், இரண்டு மடங்கு காசுக்கு.

விடுமுறை நாள்களைச் சொல்லாமல் விடக்கூடாது. டிசம்பர் 25 அன்று ரயில் கிடையாது. 26-ம் தேதியும் ஜனவரி 1-ம் தேதியும் ஹைலேண்ட்ஸ் பக்கம் ரயில் இல்லை என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். ஜனவரி 2 இங்கிலாந்தில் வேலை நாளாக இருக்கலாம், ஸ்காட்லாந்தில் அது அரசு விடுமுறை. லண்டன் காலண்டரை வைத்துக்கொண்டு கார் எடுக்கப் போனால் மறுபடியும் ஷட்டர் தரிசனம்தான்.

பகல் ஆறரை மணி நேரம்

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் இன்வர்னெஸ்ஸில் சூரியன் உதிக்க ஏறக்குறைய காலை ஒன்பது, மறைய மாலை மூன்றரை. நம் ஊரில் மார்கழியிலும் பகல் பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. இந்த ஆறரை மணி நேரக் கணக்கு மனசில் ஏறவே ஒரு நாள் ஆகும். கோடையில் போய்வந்த நண்பர் கொடுக்கும் 'ஒரே நாளில் லோக் நெஸ், கிளென்கோ, ஸ்கை தீவு' பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. இன்வர்னெஸ்ஸிலிருந்து ஸ்கை தீவின் போர்ட்ரீக்கு 180 கிலோமீட்டர். நாலுவழிச் சாலை நினைப்பில் இரண்டு மணி நேரம் என்று போடுவோம். நல்ல நாளிலேயே இரண்டே முக்காலுக்குக் குறையாது, குளிர்காலத்தில் நாலு வைத்துக்கொள்ளுங்கள். போக வர எட்டு. பகல் ஆறரை. பார்க்கப் போன மலையை இருட்டில் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

ஒரு நாளைக்கு ஒரு இடம். அதையும் மதியம் ஒரு மணிக்குள் பார்த்து முடிப்பது. மூன்று மணிக்குத் தங்குமிடத்துக்குள் இருப்பது. எங்கள் வீட்டில் இப்போது இதுதான் சட்டம். மூன்றரைக்கு மேல் ஓட்டுவதில் இருட்டு மட்டும் சிக்கல் இல்லை. குளிர்காலத்தில் செம்மான்கள் மேய்ச்சலுக்காக மலையிலிருந்து இறங்கி வந்துவிடும். அந்தி நேரத்தில் சாலையோரம் ஒன்று நின்றால் பின்னால் இன்னும் நாலு நிற்கிறது என்று அர்த்தம்.

தங்குமிடம், சாப்பாடு விஷயத்திலும் கோடைக்கணக்கு செல்லாது. சின்னச் சின்ன வீட்டு விடுதிகள் நிறைய நவம்பரோடு பூட்டி மார்ச்சில்தான் திறக்கும். கிராமத்து பப்பில் எட்டு மணிக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள். கிளென்ஃபின்னன் பாலத்தில் புகை விட்டுக்கொண்டு போகும் ஜாகோபைட் நீராவி ரயில் கோடைக்கால வண்டி. டிசம்பரில் போய் 21 வளைவுப் பாலத்தின் அடியில் கேமராவோடு காத்திருக்காதீர்கள், சாதாரண டீசல் ரயில்தான் வரும். குக்கர் கொண்டுபோனதற்கு எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி பருப்பு சாதத்துக்கு முதலில் தட்டை நீட்டியது யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

எந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

கிளாஸ்கோ குயீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வழியாக மாலெய்க் போகும் வெஸ்ட் ஹைலேண்ட் பாதை பற்றித் தனியே சொல்லவேண்டும். ஃபோர்ட் வில்லியம் வரை ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம். அதுவரை 1894-ல் திறந்த பாதை. ரானக் மூரில் சதுப்பு நிலம் தண்டவாளத்தைத் தாங்காது என்பதால் சுள்ளிக்கட்டுகளையும் மண்ணையும் சாம்பலையும் கொட்டி, அதன்மேல் பாதையை மிதக்க விட்டிருக்கிறார்கள். நடுவில் வரும் கோரூர் நிலையத்துக்குப் பொதுச்சாலையே கிடையாது, ரயிலில் வந்து ரயிலிலேயே போகவேண்டும். காரில் இந்த இடத்தைப் பார்க்கவே முடியாது. அதனால் 'எல்லாவற்றுக்கும் காரே இருக்கட்டும்' என்று முதல் நாளே கிளாஸ்கோவில் கார் எடுப்பதைத் தவறு என்றே சொல்வேன். பனிக்காலத்தில் கடினமான நீண்ட தூரத்தை ரயில் ஓட்டட்டும், கடைசி அறுபது எழுபது கிலோமீட்டரை நீங்கள் ஓட்டுங்கள்.

ஆனால் இந்தப் பாதையில் ஒரு பொறி இருக்கிறது. பல ரயில்கள் கிரியன்லாரிக்கில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஓபன் (Oban) என்ற கடற்கரை ஊருக்குப் போகும், இன்னொரு பாதி ஃபோர்ட் வில்லியம், மாலெய்க் பக்கம். ஏறும்போது கூட்டம், சாமான் வைக்க இடம் இருந்த பெட்டியில் ஏறிவிடுவோம், தூங்கியும் விடுவோம். கண் விழித்தால் கடற்கரை ஊர். அழகான ஊர்தான், நம் கார் மட்டும் அங்கே இல்லை. ஒரு நாளைக்கு ஓடுவதே மூன்று நாலு வண்டி, ஞாயிறு இன்னும் குறைவு. அடுத்த வண்டியில் மாறிக்கொள்ளலாம் என்ற சென்னை மின்சார ரயில் பழக்கம் இங்கே எடுபடாது. கிளம்பும்போது கதவருகே உள்ள பலகையைப் பாருங்கள், கண்டக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கவுண்டரில்

பிரிட்டனுக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் இந்திய ஓட்டுநர் உரிமத்தில் 12 மாதம் வரை ஓட்டலாம். படிக்கவோ வேலைக்கோ வந்து குடியிருப்பவர்களுக்கும் வந்த நாளிலிருந்து அதே 12 மாதம்தான். 13-வது மாதத்தில் 'போன வருஷம் இதே கார்டில்தானே ஓட்டினோம்' என்று எடுத்தால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகும், காப்பீடும் கை கொடுக்காது. பிரிட்டிஷ் உரிமம் வைத்திருப்பவர்களிடம் சில நிறுவனங்கள் டிவிஎல்ஏ (அங்கே ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அரசு அலுவலகம்) தளத்தில் எடுக்கும் சரிபார்ப்பு எண் கேட்பார்கள். அது 21 நாள்தான் செல்லும், கிளம்பும் வாரத்தில் எடுங்கள். டிஜிலாக்கரைத் திறந்து காட்டினால் வேலைக்கு ஆகாது, கையில் அட்டை வேண்டும். டெபாசிட்டுக்கான கிரெடிட் கார்டும் ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்கவேண்டும். கணவர் கார்டு, மனைவி ஓட்டுநர் என்றால் கவுண்டரிலேயே பயணம் நின்றுவிடும்.

காப்பீட்டில் 'எக்ஸஸ்' என்று ஒன்று வரும். கார் அடிபட்டால் முதல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பவுண்டு நம் தலையில் என்று பொருள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் காப்பீட்டிலிருந்தே கழித்துவிடும். குளிர்காலத்தில் சேதமாவது பெரும்பாலும் இந்த மூன்றும்தான். எக்ஸஸ் காப்பீட்டைத் தனியாக முன்கூட்டியே வாங்கினால் கவுண்டர் விலையைவிட மிகக் குறைவு. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முதலிலேயே குறிப்பிடுங்கள், கேட்காவிட்டால் கியர் வண்டிதான் கிடைக்கும்.

பிரிட்டனில் குளிர்கால டயர் கட்டாயம் இல்லை. ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ கார் எடுத்துப் பழகியவர்கள் இங்கும் பனி டயர் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள், இருக்காது. அதனால் பாதையைத்தான் மாற்றவேண்டும். ஏ9 போன்ற பெரிய சாலைகளில் பனி உருக உப்பு தூவும் வண்டிகள் முதலில் போகும். அந்த வண்டிகளுக்கு 'கிரிட்னி ஸ்பியர்ஸ்' என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள், எது எங்கே போகிறது என்று வரைபடத்தில் நேரலையாகப் பார்க்கலாம். கிளென்ஷீ வழியாகப் போகும் ஏ93, லெக்ட் வழியாகப் போகும் ஏ939 இரண்டிலும் பனி அதிகமானால் சாலைக்குக் குறுக்கே கேட் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஜிபிஎஸ் 'குறுக்கு வழி' என்று அதில்தான் கொண்டுபோய் விடும். ஆப்பிள்கிராஸுக்கு 626 மீட்டர் ஏறும் பியலக் ந பா கணவாயைக் கோடைக்கு ஒத்திவையுங்கள்.

காலையில் கண்ணாடியில் பனிக்கட்டி படிந்திருக்கும். சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். சுரண்டி எடுக்கும் பிளாஸ்டிக் கருவி காரில் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள், இல்லாவிட்டால் பழைய பேருந்து அட்டை போதும். பனியே தெரியாமல் ஈரம்போல் மின்னும் 'பிளாக் ஐஸ்' பாலங்களின் மேலும் நிழல் விழும் வளைவுகளிலும் இருக்கும். பனிக்கட்டியில் வண்டி நிற்க உலர்ந்த சாலையைவிடப் பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம் என்று அந்த நாட்டுச் சாலை விதிப் புத்தகமே சொல்கிறது. இரண்டாவது கியரில் மெதுவாக நகர்த்துங்கள், பிரேக்கைத் திடுமென மிதிக்காதீர்கள்.

நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டுவது என்பதால் ஒரு தைரியம் வந்துவிடும். அதைச் சோதிப்பது ஒற்றைத்தடச் சாலை. ஒரே கார் போகும் அகலம், ஆங்காங்கே ஒதுங்க இடம். ஒதுங்கிடம் நம் இடப்பக்கம் என்றால் உள்ளே போகவேண்டும். வலப்பக்கம் என்றால் அதற்கு நேரே நின்று, எதிர்க்கார் அதில் ஒதுங்க விடவேண்டும். முதல் நாள் எதிரே ஒருவர் ஒதுங்கிடத்தில் நின்றுகொண்டு ஹெட்லைட்டை ஒருமுறை மின்னினார். திருச்சி பைபாஸில் அதற்கு 'நான் வர்றேன், ஒதுங்கு' என்று பொருள். நானும் மரியாதையாக நின்றேன். மறுபடி மின்னினார். நான் இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்தேன். மூன்றாவது தடவை அவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி 'வாப்பா' என்று கூப்பிட்டபோதுதான் விளங்கியது. அங்கே அது 'நீ வா' என்பதற்கு. தாண்டும்போது கையை உயர்த்தி நன்றி சொல்வதும் வழக்கம். அந்த ஒதுங்கிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கப் போகாதீர்கள், ஊர்க்காரர்களுக்குச் சுற்றுலாக்காரர்கள்மீது உள்ள முதல் கோபமே அதுதான்.

திரும்பும் நாளிலும் அதே இடைவெளி காத்திருக்கும். கார் கவுண்டர் மாலை ஐந்து ஆறு மணிக்கு மூடும், லண்டன் ஸ்லீப்பர் கிளம்ப எட்டரை தாண்டும். பெட்ரோல் நிரப்பிக் கொடுக்கவேண்டும் (பெட்ரோலுக்குப் பச்சைக் குழாய், டீசலுக்குக் கருப்பு), வெளிச்சம் இருக்கும்போதே காரைச் சுற்றி நாலு பக்கமும் வீடியோ எடுக்கவேண்டும். அதனால் நாங்கள் இப்போதெல்லாம் இரண்டரைக்கே சாவியைக் கொடுத்துவிடுகிறோம். பெட்டிகளை நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பழைய தேவாலயக் கட்டடத்தில் இருக்கும் லீக்கிஸ் பழைய புத்தகக்கடைக்கு நடந்துபோவோம். நடுவில் பெரிய விறகடுப்பு எரியும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுவும் பூட்டியிருக்கும், அதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.