அகூஸ்டிக் கிடாருக்குப் புது நெக் பொருத்துதல்: போல்ட் வகைக்கான செய்முறை

பாடியின் ஓசை பிடித்திருக்கிறது, ஆனால் நெக் முறுக்கிக்கொண்டது. நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகியும் நேராகவில்லை. அல்லது நெக் நன்றாகவே இருக்கிறது, உங்கள் விரல்களுக்குத்தான் 43 மி.மீ. நட் (நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் பட்டை) போதவில்லை. அளவு கொடுத்துச் செய்துவாங்கிய நெக்கைப் பொருத்தும் யோசனை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

எலெக்ட்ரிக் கிடாரில் இதைச் செய்து பழகியவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே பள்ளத்தில் வைத்து நாலு திருகு முடுக்கினால் வேலை ஏறக்குறைய முடிந்தது. இங்கே அப்படி இல்லை. நெக் பாடியோடு சேரும் தடித்த பகுதியான ஹீலின் அடியில் அரை மி.மீ. மாறினால், பாடிமேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் அருகே ஒன்றரை மி.மீ. மாறும். அதனால் நாள் முழுக்க மாட்டி, பார்த்து, கழற்றி, தேய்த்து, மறுபடி மாட்டுவதுதான் வேலை. தேய்ப்பதெல்லாம் புது நெக்கின் ஹீலில் மட்டும். பாடியில் உளியும் உப்புத்தாளும் படவே கூடாது. நெக் கெட்டால் இன்னொன்று செய்யலாம், பாடி கெட்டால் கிடாரே போயிற்று.

உங்கள் கிடார் எந்த வகை?

சவுண்ட்ஹோல் வழியாகச் சின்னக் கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் விட்டு, நெக் சேரும் இடத்தில் உள்ளே இருக்கும் மரக்கட்டையைப் பாருங்கள். போல்ட் தலை தெரிந்தால் இந்தச் செய்முறை உங்களுக்குத்தான். சிலவற்றில் அது லேபிளுக்கோ சின்ன மரப்பட்டைக்கோ பின்னால் மறைந்திருக்கும்.

எதுவும் இல்லையென்றால் நெக் பசையால் ஒட்டியது. மார்ட்டின், கிப்சன் கிடார்களின் பழைய வழக்கமான டவ்டெயில் (ஆப்பு வடிவில் கோத்துப் பூட்டும்) இணைப்பு அப்படிப்பட்டது. அதைக் கழற்ற 15ஆம் ஃபிரெட்டை (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பிடுங்கி, அதன் பள்ளத்தில் துளையிட்டு, உள்ளே நீராவி விட வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடார்கள் பலவற்றில் நெக்கைச் சுற்றியே பாடி கட்டப்பட்டிருக்கும். அங்கே கழற்ற இணைப்பே கிடையாது. 1999இல் டெய்லர் கொண்டுவந்த என்டி நெக் போல்ட் வகைதான், ஆனால் அதில் கோணத்தைச் சரிசெய்வது அளவெடுத்த மெல்லிய ஷிம்களை (இடைத்தகடுகளை) மாற்றி வைத்து. கீழே சொல்லும் தேய்ப்பு அதற்குப் பொருந்தாது.

நெக் செய்யச் சொல்லும்போது

பிரிட்ஜ் இடம் மாறப்போவதில்லை. ஆகவே புது நெக்கின் ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து சாடில் (பிரிட்ஜில் கம்பிகள் தங்கும் மெல்லிய பட்டை) வரையான கணக்கு நீளம், பழையதேதான். நட்டின் உள்விளிம்பிலிருந்து 12ஆம் ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 322.6 வந்தால் 645.2 மி.மீ., அதாவது 25.4 அங்குலம். 14ஆம் ஃபிரெட்டில் பாடி சேரும் கிடாரில், ஸ்கேலை 0.4454ஆல் பெருக்கினால் அந்த ஃபிரெட்டிலிருந்து சாடில் வரையான கணக்குத் தூரம் கிடைக்கும். 645.2க்கு அது 287.4. நேரில் அளந்தால் இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக, 290 பக்கம் வரும். கம்பியை அழுத்தும்போது சுருதி ஏறுவதை ஈடுகட்டச் சாடிலைப் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அதைவிட அதிகம் விலகினால் அளவை மறுபடி பாருங்கள்.

மற்ற அளவுகள்: நட் அகலம், 14ஆம் ஃபிரெட்டில் அகலம், ஹீலின் உயரம், பாடியின் துளைக்குள் நுழையும் கழுந்தின் நீள அகலம், பாடிக்கு மேல் நீளும் ஃபிரெட்போர்டின் நீளம், ட்யூனர் துளையின் விட்டம். பலர் மறப்பது டிரஸ் ராடை. அதைத் திருகும் முனை பாடிப் பக்கம் வருமானால், ஆலன் கீ நுழைய உள்ளே வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நெக் கைக்கு வந்ததும் வேலையைத் தொடங்காதீர்கள். கிடார் இருக்கும் அறையிலேயே சில நாள் கிடக்கட்டும். கடலோர ஊர்க்காரர்கள் இதில் இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டலாம்.

பழையதைக் கழற்றுதல்

கம்பிகளைத் தளர்த்தி எடுங்கள். பாடிமேல் இருக்கும் ஃபிரெட்போர்டு நுனி ஒட்டப்பட்டிருக்கும். அதன்மேல் துணி இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, சூடு அடிவரை இறங்கியதும் மெல்லிய, முனை மழுங்கிய தகட்டை அடியில் நுழைத்து மெதுவாக நகர்த்துங்கள். சுற்றியுள்ள பாலிஷ் கருகாமல் இருக்க அலுமினியத் தாள் மூடிய அட்டையைச் சுற்றிலும் வையுங்கள். அவசரப்பட்டு நெம்பினால் மேற்பலகையின் நார் உரிந்து கூடவே வரும். நுனி விட்டதும் உள்ளே போல்டுகளைத் திருகி எடுத்தால் நெக் கையோடு வந்துவிடும்.

கழுந்தும் போல்டும்

புதுக் கழுந்து துளைக்குள் கைவிசையில் நுழைய வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. ஆடினால் வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டுங்கள். கழுந்தின் முனைக்கும் துளையின் அடிக்கும் நடுவே ஒரு மி.மீ. காலி வேண்டும். இல்லையென்றால் முனை முதலில் முட்டிக்கொண்டு, ஹீல் பாடியோடு ஒட்டாமலே நிற்கும்.

உள்ளே இருக்கும் போல்ட் துளை வழியாகக் கூரான கம்பி விட்டுக் கழுந்தில் குறியிட்டு, அங்கே துளையிட்டு, மரை கொண்ட பித்தளை இன்சர்ட்டைத் திருகுங்கள். கழுந்தின் அந்த முகத்தில் மரநார் நீளவாக்கில் முடிவதால் இன்சர்ட்டின் பிடி பலமாக இருக்காது. அதனால் முதலில் கழுந்தின் குறுக்கே 12 மி.மீ. கடினமர உருளை ஒன்றை ஒட்டி, அதற்குள் மரை கடிக்கும்படி செய்வேன். கூடுதல் வேலைதான். ஆனால் லைட் செட் (மெல்லிய வகை) கம்பிகளே எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும், இங்கே சோம்பல் பார்க்க முடியாது.

கோணம்

முதலில் டிரஸ் ராடைச் சரிசெய்து ஃபிரெட்போர்டை நேராக்குங்கள். நெக்கை மாட்டி, போல்டைக் கையளவு முடுக்கி, நீளமான நேர்ச்சட்டத்தை ஃபிரெட்டுகள்மேல் வைத்துப் பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். சட்டத்தின் அடி, பிரிட்ஜ் மரத்தின் உச்சியை உரசியோ அரை மி.மீ. மேலாகவோ போக வேண்டும். பார்க்க வேண்டியது மரத்தை, சாடிலை அல்ல.

சட்டம் உச்சிக்குக் கீழே பிரிட்ஜின் முகத்தில் முட்டினால் நெக் முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. கம்பிகள் உயரமாக நிற்கும். ஹீலின் அடிப்பகுதியில் மரம் குறைய வேண்டும். எவ்வளவு? பிரிட்ஜில் தேவைப்படும் உயரத்தை ஹீல் உயரத்தால் பெருக்கி, பாடி விளிம்பிலிருந்து சாடில் வரையான தூரத்தால் வகுங்கள். 2 மி.மீ. ஏற வேண்டும், ஹீல் 90, தூரம் 290 என்றால் 0.6 மி.மீ. ஹீலின் அடியில் 0.6, மேலே போகப்போகக் குறைந்து ஃபிரெட்போர்டு அருகே சுழியம். மேல் விளிம்பைத் தேய்த்தால் 14ஆம் ஃபிரெட் சாடிலை நோக்கி நகர்ந்து சுருதிக் கணக்கு கெடும். சட்டம் மிக உயரமாகப் போனாலும் மேலே தேய்க்காமல், ஹீலின் அடியில் ஆப்பு வடிவ மெல்லிய பட்டை ஒட்டிவிடுவது நல்லது.

ஹீலின் முகத்தை உளியால் உட்பக்கம் லேசாகக் குடைந்து, வெளிவிளிம்பில் 2, 3 மி.மீ. மட்டும் பாடியைத் தொடும்படி விடுங்கள். பிறகு துணி முதுகுள்ள எமரித் தாளை, 120 நம்பர், ஒரு அங்குலப் பட்டையாக வெட்டி, சொரசொரப்பு ஹீலைப் பார்க்கும்படி இடுக்கில் வைத்து, நெக்கை மென்மையாக அழுத்தியபடி நேராக வெளியே இழுங்கள். வெறும் காகித முதுகு கிழிந்துவிடும். இடப்புறம் இழுத்த அளவே வலப்புறமும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பாடியின் வளைவுக்கேற்ப ஹீல் தானாக வடிவம் பெறுவது இந்த முறையின் அழகு.

நடுக்கோடு

முதல், ஆறாம் கம்பிகளின் இடத்தில் நட்டிலிருந்து பிரிட்ஜ் துளை வரை இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். 14ஆம் ஃபிரெட்டில் இரு நூல்களும் விளிம்பிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நெக்கின் நடுக்கோட்டைப் பிரிட்ஜ் வரை நீட்டிப் பாருங்கள். கோடு பிரிட்ஜின் நடுவை விட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்க ஹீல் கன்னத்தில் சில இழுப்பு அதிகம். மெல்லிய கம்பிப் பக்கம் விழுந்தால் அதே பக்கத்தைத் தேயுங்கள். முதல் தடவை தலைகீழாகத் தோன்றும், மாட்டிப் பார்த்தால் புரியும். இதைத் திருத்தும்போது கோணம் மாறியிருக்கும். மறுபடி சட்டம், மறுபடி நூல்.

ஒட்டுதல்

நெக்கைப் பின்னால் சாய்த்திருந்தால் ஃபிரெட்போர்டு நுனிக்கு அடியில் சின்ன இடைவெளி தெரியும். கிளாம்ப் போட்டு அழுத்தி மூடாதீர்கள். 14ஆம் ஃபிரெட்டில் மேடு விழுந்து கம்பி இரையும். அதே மரத்தில் ஆப்பு வடிவ மெல்லிய துண்டு வையுங்கள்.

எல்லாம் சரியென்றபின் போல்டை முடுக்கி, நுனிக்கு அடியில் மட்டும் மெல்லிய பசை. டைட்பாண்ட் ஒரிஜினல் அல்லது தோல்பசை நல்லது, சூட்டில் விட்டுக்கொடுக்கும். எப்பாக்சியோ சூப்பர் க்ளூவோ போட்டால் பின்னாளில் கழற்றுபவர் உங்களைத் திட்டுவார். ஹீலுக்குப் பசை வேண்டாம். கிளாம்பை 24 மணி நேரம் விட்டுவையுங்கள்.

கம்பி போட்டபின்

சுருதியைப் படிப்படியாக ஏற்றி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். பிறகு டிரஸ் ராடைத் திருகி 7ஆம் ஃபிரெட்டருகே 0.1 முதல் 0.25 மி.மீ. வளைவு வையுங்கள். 12ஆம் ஃபிரெட்டில் கம்பி உயரம் தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 1.8 என்றால் ஆரம்பத்துக்குப் போதும். மிச்ச வித்தியாசத்தைச் சாடிலின் அடியைத் தேய்த்தே சரிசெய்யலாம். அடுத்த வாரம் போல்டை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது மரம் அமுங்கியதில் கால் சுற்று இறங்கும்.