பழைய நீராவி இஞ்சினை அடையாளம் காண்பது எப்படி?

படத்திலோ அருங்காட்சியகத்திலோ ஒரு பழைய ரயில் இஞ்சினைப் பார்த்தால், முதலில் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். நான் வெகுநாள் அந்தத் தவறைத்தான் செய்தேன். புகைபோக்கியைத் தேடுங்கள். அடுப்பு வாய் இருக்கும் பக்கத்திலேயே அதுவும் நின்றால், கொதிகலனுக்குள்ளே புகை போகும் குழாய் ஒன்று வளைந்து திரும்பி வருகிறது என்று அர்த்தம். 1813 வாக்கில் உருவான பஃபிங் பில்லி என்ற இஞ்சின் அப்படித்தான். 1804-இல் வேல்ஸில் இரும்புப் பாரம் இழுத்த, பொறியாளர் ட்ரெவிதிக்கின் இஞ்சினிலும் இதே ஏற்பாடுதான்.

எதிர்ப்பக்கத்தில் நின்றால்? உள்ளே எத்தனை குழாய் என்று கேளுங்கள். 1829-இல் இங்கிலாந்தின் ரெயின்ஹிலில் நடந்த ரயில் இஞ்சின் போட்டியில் வென்ற ராக்கெட் என்ற இஞ்சினின் கொதிகலனில் 25 செப்புக் குழாய்கள். சூடான புகை ஒரே பெரிய குழாயில் போகாமல் இத்தனை குழாய்களில் பிரிந்து ஓடும்போது, தண்ணீரைத் தொடும் பரப்பு பலமடங்காகிறது. நீராவி சீக்கிரம் கிடைக்கிறது. எனக்கு இதைவிட அழகான யோசனை இந்த வரலாற்றிலேயே இல்லை.

அப்புறம் சிலிண்டர், அதாவது நீராவி பிஸ்டனைத் தள்ளும் உருளை. நெட்டுக்குத்தாக நின்றால் பெரும்பாலும் ராக்கெட்டுக்கு முந்தையது. 1825-இன் லோகோமோஷன் என்ற இஞ்சினில் அது கொதிகலனுக்குள்ளேயே பாதி புதைந்திருக்கும். ராக்கெட்டில் சாய்வாக இருக்கும். அந்தச் சாய்வைப் பின்னாளில் தாழ்த்திவிட்டார்கள், அதனால் பழைய படமும் இன்று மிஞ்சியிருக்கும் இஞ்சினும் ஒத்துப்போகாது. குழம்ப வேண்டாம்.

சக்கரத்தைக் கடைசியாகப் பாருங்கள். தண்டவாளத்தில் உள்ள பற்களைக் கவ்வும் பல்சக்கரம் தெரிந்தால், 1812-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் மிடில்டன் ரயில் பாதையில் ஓடிய வகை.