பெங்களூரில் வீடு மாறுகிறவர்களுக்கு: பணம் கைக்கு வரும்வரை சாவி உங்கள் பையில் இருக்கட்டும்

2021 ஜூலை 5-ஆம் தேதியோடு பெங்களூரில் கொரோனாவுக்காகப் போட்ட வார இறுதி ஊரடங்கும் போனது. இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை மட்டும்தான் அப்போது தடை. ஒரு வருடமாக ஊரில் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு லேப்டாப்பைத் தட்டியவர்களும், புதிதாக வேலை கிடைத்தவர்களும் பெங்களூருக்குக் கிளம்பத் தொடங்கினார்கள். எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம், அட்வான்ஸ் எவ்வளவு கேட்பார்கள் என்று தினமும் யாராவது போன் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

முறைப்படி செய்யவேண்டியவை உங்களுக்குத் தெரிந்தவைதான். பதினொரு மாத அக்ரிமெண்ட், இ-ஸ்டாம்ப் பேப்பர், ஆதார் நகல், கம்பெனி ஐடி. அடுக்குமாடி என்றால் பழைய அசோசியேஷனிடம் ஒரு அனுமதி, புது அசோசியேஷனிடம் ஒரு அனுமதி. லிஃப்ட் கீறிவிடும் என்று ஒரு கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். 2021-இல் சாமான் தூக்க வருகிறவர்களுக்கும் கொரோனா இல்லை என்ற ரிப்போர்ட் வேண்டும் என்று சில இடங்களில் நின்றார்கள். இப்படி எதைக் கேட்டாலும் அரசு விதியில் இருக்கிறதா என்று வாதாடிப் பயனில்லை, கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிதான் அங்கே அரசாங்கம். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் சனி, ஞாயிறு மட்டும்தான் வீடு மாற்றலாம் என்று விதி. அரசோ 2021 ஜூனில் வெள்ளி இரவு 7 மணியிலிருந்து திங்கள் காலை 5 மணி வரை ஊரடங்கு போட்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாரும் எந்நாளும் குடி வர முடியாத நிலை. அதைச் சுட்டிக்காட்டிய பிறகும் செயலாளர் ஒரு வாரம் யோசித்தாராம்.

சரி, அட்வான்ஸுக்கு வருவோம். நம்ம தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. சென்னையில் அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. இங்கே பெங்களூரில் பத்து மாத வாடகை என்பது ரொம்ப காலப் பழக்கம். 2021-இல் வீடுகள் காலியாகக் கிடந்ததால் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வந்தார்கள், தைரியமாகப் பேரம் பேசுங்கள். 2021 ஜூன் 2-ஆம் தேதி மத்திய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, அதில் குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாதம்தான் உச்சவரம்பு. அதைப் படித்துவிட்டு ஓனரிடம் சட்டம் பேசப் போகாதீர்கள். மாநில அரசு தன் பங்குக்குச் சட்டம் கொண்டுவந்தால்தான் அது செல்லும்.

அட்வான்ஸ் கொடுப்பதில் சிக்கல் இல்லை. திரும்ப வாங்குவதில்தான் எல்லாமே. நாம் கொடுத்த பணத்தை ஓனர் பீரோவில் பூட்டி வைப்பதில்லை. அதில் மேல்மாடி கட்டியிருப்பார், பெண்ணுக்குக் கல்யாணம் செய்திருப்பார். நாம் காலி செய்யும்போது அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கி நமக்குக் கொடுப்பார். ஆள் வந்துகொண்டே இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாமல் ஓடும். 2020 ஊரடங்கில் ஆள் வருவது நின்றது.

என் நண்பர் பாளையங்கோட்டைக்காரர். பெங்களூர் முருகேஷ்பாளையாவில் 18,000 வாடகை, 1,50,000 அட்வான்ஸ். 2020-இல் கம்பெனி சம்பளத்தைக் குறைத்ததும் ராமமூர்த்தி நகரில் 12,000-க்கு ஒரு வீடு பிடித்தார். மாதக் கடைசியில் மாறலாம் என்றுதான் இருந்தார். 2020 ஜூலை 11, சனிக்கிழமை மாலை, பெங்களூருக்கு மறுபடி ஊரடங்கு என்று அறிவித்தார்கள். 14-ஆம் தேதி இரவு 8 மணிக்குத் தொடங்கி 22 காலை 5 மணி வரை. இடையில் வந்த ஞாயிறு ஏற்கெனவே முழு ஊரடங்கு. மிச்சம் திங்களும் செவ்வாயும்தான். 16-ஆம் தேதி ஆடி பிறக்கிறது. "ஆடியில அடுப்பு மாத்தக் கூடாதுய்யா" என்று ஊரிலிருந்து அம்மா மணிக்கொரு தடவை போன். 22-க்குப் பிறகு என்றால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும்.

திங்களன்றே மாறினார். சாமான் ஏற்றி இறக்கும் பையன்கள் மே மாதமே ரயிலேறி ஊருக்குப் போய்விட்டார்கள், டாடா ஏஸ் என்ற சின்ன லாரிக்காரர் இரண்டு மடங்கு கேட்டார். நண்பரும் மச்சினரும் மூன்றாம் மாடியிலிருந்து பிரிட்ஜைத் தாங்களே இறக்கினார்கள். கீழே படியில் ஓனர் நின்றிருந்தார். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து பெங்களூர் கண்டோன்மெண்ட் ஏரியாவுக்கு வந்த குடும்பம், வீட்டில் பேச்சு தமிழ்தான். "சாவியக் குடுத்துட்டுப் போங்க தம்பி, நாளைக்கு அக்கவுண்ட்ல போட்டுடறேன். நமக்குள்ள என்ன?" நண்பர் கொடுத்துவிட்டார்.

லாக்டவுன் முடியட்டும் என்றார் ஓனர். முடிந்தது. இது ஆடி, புது ஆள் எவன் வருவான் என்றார். ஆடி போய் ஆவணி வந்தது. தெருவில் கேட்டுக்குக் கேட் டு-லெட் போர்டு தொங்கியது, யாரும் வரவில்லை. நண்பர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் புது வீட்டு அட்வான்ஸைக் கட்டியிருந்தார், அந்த வட்டி வேறு ஓடியது. தீபாவளிக்குப் பிறகு இருபதாயிரம், முப்பதாயிரம் என்று துண்டு துண்டாக வந்தது. பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே எல்லோரும் செய்வது, அதைச் சொல்லவில்லை. அதற்கு மேல் ஆணி ஓட்டைக் கணக்கு ஒன்று வந்தது. நட்டநடுப் பகலில் செல்போன் டார்ச்சை அடித்து, ஒவ்வொரு சுவராக நடந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினாராம். முருகன் காலண்டர் மாட்டிய ஆணிக்கு 500 ரூபாய். அதே கடை காலண்டர் ஓனர் வீட்டு ஹாலிலும் தொங்குகிறது.

நம்ம ஆள், தமிழ் பேசுகிறார் என்பதற்காக எதையும் தளர்த்தாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். என் பழைய ஓனர் கன்னடக்காரர். சாவியை வாங்கும்போதே போனில் பணத்தை அனுப்பி, வந்துவிட்டதா பாருங்கள் என்று நிற்க வைத்துக் காபியும் கொடுத்தார். அவரோடு நான்கு வருடம் என் அரைகுறைக் கன்னடத்தில்தான் காலம் தள்ளினேன்.

கையெழுத்துப் போடும் அன்றே அக்ரிமெண்டில் ஒரு வரியைத் தேடுங்கள். "அடுத்த வாடகைதாரர் வந்தபின் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்" என்று எந்த வடிவில் இருந்தாலும் அடிக்கச் சொல்லுங்கள். வீட்டைக் காலி செய்து சாவி ஒப்படைக்கும் அன்றே முழுத் தொகையும் என்று எழுத வேண்டும். பெயிண்டிங்குக்குப் பிடிக்கும் தொகையையும் அப்போதே எண்ணால் எழுதி வாங்குங்கள். குடிபோகும் நாளில் காலி வீட்டைச் சுவர் சுவராக வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஆணி ஓட்டைகளை அவரும் பார்க்கட்டும்.

காலி செய்யும் நோட்டீஸை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். நோட்டீஸ் மாதங்களின் வாடகையை அட்வான்ஸிலேயே கழித்துக்கொள்ளும்படி அப்போதே கேளுங்கள். நிறைய ஓனர்கள் முகம் சுளிப்பார்கள், சிலர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டால் அவரிடம் மாட்டியிருக்கும் தொகை அந்த அளவுக்குக் குறைகிறது.

ஓனர் இழுத்தடிப்பார் என்று தோன்றினால் சாமான் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். ஒரு கட்டிலையும் இரண்டு பாத்திரத்தையும் விட்டு, பூட்டிச் சாவியோடு வாருங்கள். ஆனால் அக்ரிமெண்டில் கெடு தாண்டினால் இரட்டை வாடகை என்று எழுதியிருக்கலாம், அதனால் நோட்டீஸ் முடியும் தேதிக்குள் மட்டுமே இதைச் செய்யுங்கள். அதற்குக் கையில் நாள் வேண்டும். ஆடி பயம் இருந்தால் ஆனியிலேயே ஒரு நல்ல நாள் பார்த்துப் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுங்கள், சாமான் பிறகு மெதுவாகப் போகட்டும். அரை மாத வாடகை இரண்டு பக்கமும் போகும். என் நண்பரின் அடகு வட்டியைவிடக் குறைவுதான்.

லீஸ் என்று சொல்லி மொத்தமாகப் பத்து லட்சம், பதினைந்து லட்சம் கேட்டு, மாத வாடகையே வேண்டாம் என்பார்கள். மேலே சொன்ன அத்தனையும் அங்கே பத்து மடங்கு. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று பார்க்காமல் பக்கத்தில்கூடப் போகாதீர்கள்.

கடைசியாக பெஸ்காம், அதாவது பெங்களூரின் மின்சார கம்பெனி. 2020 ஊரடங்கில் மீட்டர் பார்க்க ஆள் வராமல் சராசரிக் கணக்கில் பில் போட்டு, பிறகு மொத்தமாக ஏறி நிறைய பேர் சண்டை போட்டார்கள். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் மீட்டரின் ஆர்ஆர் நம்பரை (மின் இணைப்பு எண்) கேட்டு வாங்கிப் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீட்டிலும் கிளம்பும் நாளில் மீட்டர் ரீடிங்கைப் படமெடுத்து, அதுவரைக்குமான பில்லைக் கட்டிய ரசீதோடு ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.