துப்பட்டாவால் கட்டிய காலணி

சிங்கப்பூரின் மெக்ரிச்சி காட்டுத் தொங்குபாலம் 250 மீட்டர் நீளம், ஒருவழிப் பாதை. அதில் பாதி தூரம் போன பிறகுதான் என் மலையேற்றக் காலணியின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. திரும்ப முடியாது. துப்பட்டாவால் இறுகக் கட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தேன். எதிரே வந்து பார்க்க ஆளில்லை என்பது மட்டும் ஆறுதல்.

வீட்டுக்கு வந்து பசை தடவினேன். நிற்கவில்லை. குறை பசையில் இல்லை. நடு அடுக்கில் இருக்கும் பாலியூரித்தேன் நுரை ஈரக்காற்று பட்டுப் பட்டுச் சிதைந்து பொடியாகிவிடுமாம். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் மூன்று ஆண்டு அலமாரியில் அடைத்துவைத்தவள் நான்தான். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று பத்திரப்படுத்தியதற்குக் கிடைத்த கூலி!

அம்மாதான் வழி சொன்னார்: “உன் பாட்டி ரப்பர் தோட்டத்தில் போட்டதை வாங்கிப் போடு.” மலேசியர்கள் ‘அடிடாஸ் கம்போங்’ (கம்போங் என்றால் கிராமம்) என்று கேலியாக அழைக்கும் கறுப்பு ரப்பர் காலணி அது, அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூர் பாருவில் மலிவாகக் கிடைத்தது. ஒரே வார்ப்பு என்பதால் பிரிந்துவர எதுவுமில்லை, சேற்றிலும் வழுக்கவில்லை. ஆனால் காற்றே புகாது, அடியும் மெலிது. அதனால் ஓர் அளவு பெரிதாக எடுத்து, தடித்த கால்பந்துக் காலுறையோடு போட்டேன். இறக்கத்தில் விரல்நுனி இடிப்பதும் நின்றது.

உடைக்குச் செலவே இல்லை. பருத்தி வியர்வையைக் குடித்துக் கனத்துவிடுகிறது; ஏதோ ஓட்டத்தில் இலவசமாகக் கொடுத்த பாலியஸ்டர் சட்டை போதுமானதாக இருந்தது.

சென்ற ஞாயிறு 163 மீட்டர் புக்கிட் தீமா குன்றில் ஏறி இறங்கினேன். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.