டூ பை டூ கியூப்: இரண்டே கோர்வைகளில் முடிக்கும் வழி

எட்டே மூலைத்துண்டுகள்தானே என்று இந்தச் சின்ன ரூபிக் கியூபை லேசாக எடைபோட்டுவிடாதீர்கள். 36,74,160 விதமாகக் கலையக்கூடியது இது. எப்படிக் கலைந்திருந்தாலும் 11 திருப்பங்களுக்குள் முடிக்க வழி உண்டு என்று கணினி அலசிச் சொல்லிவிட்டது. நாம் போகப்போவது அந்தக் குறுக்குவழி அல்ல, சுற்றுவழிதான். ஆனால் மனப்பாடம் செய்ய இரண்டே கோர்வைகள், அதாவது வரிசையாகச் செய்யவேண்டிய திருப்பங்கள்.

காந்தம் வைத்த கியூப் கிடைத்தால் அதையே வாங்குங்கள், பாதியில் சிக்காமல் சரியான இடத்தில் வந்து நிற்கும். ஸ்டிக்கர் ஒட்டியது வேண்டவே வேண்டாம், ஓரம் உரியும். இறுக்கமாக இருந்தால் சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

திருப்பும் முறை: ஒரு முகம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். 'வலது கீழே' என்றால் வலது பாதியின் முன்பகுதி கீழே இறங்கும்படி கால் சுற்று. 'அடி இடப்பக்கம்' என்றால் அடிப் பாதியின் முன்பகுதி இடப்பக்கம் போகும்படி கால் சுற்று. மற்றவையும் இப்படியே.

கோர்வை 1: வலது கீழே, அடி இடப்பக்கம், வலது மேலே, அடி வலப்பக்கம்.

கோர்வை 2: உச்சி இடப்பக்கம், வலது மேலே, உச்சி வலப்பக்கம், இடது மேலே, உச்சி இடப்பக்கம், வலது கீழே, உச்சி வலப்பக்கம், இடது கீழே.

முதலில் வெள்ளை அடுக்கு. மூன்றுக்கு மூன்று கியூபில் நடுக்கட்டம் அசையாமல் நின்று வழிகாட்டும். இதில் அது கிடையாது. அதனால் ஏதாவது ஒரு வெள்ளை மூலையை நங்கூரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மேலே பார்க்க, அந்தத் துண்டை முன்-இடது உச்சியில் பிடியுங்கள். அதன் முன்முகம் பச்சை என்றால், பக்கத்தில் வரவேண்டியது வெள்ளை-பச்சை-சிவப்பு. அடியைச் சுழற்றி அந்தத் துண்டை முன்-வலது அடி மூலைக்குக் கொண்டுவந்து, அது வெள்ளை மேலே பார்க்க ஏறி உட்காரும்வரை கோர்வை 1. ஒன்று, மூன்று அல்லது ஐந்து தடவை ஆகும். அப்புறம் கியூபை முழுசாகத் திருப்பி அடுத்த மூலை. வேண்டிய துண்டு உச்சியிலேயே தப்பாக மாட்டியிருந்தால், அதை முன்-வலது மூலையில் வைத்து ஒரே ஒரு தடவை கோர்வை 1 செய்தால் கீழே இறங்கிவிடும்.

வெள்ளை முடிந்ததும் கியூபைக் கவிழ்த்து மஞ்சள் பக்கத்தை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். இப்போது ஒவ்வொரு துண்டும் சரியான வீட்டில் இருந்தால் போதும், எப்படித் திரும்பியிருக்கிறது என்று பார்க்கவேண்டாம். கீழே வெள்ளை-சிவப்பு-பச்சை இருக்கிறதா, அதன் தலைக்கு மேல் மஞ்சள்-சிவப்பு-பச்சை இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு துண்டு மட்டும் வீட்டில் இருக்கும்படி உச்சியைச் சுழற்றுங்கள். அதை முன்-வலது மூலையில் பிடித்துக் கோர்வை 2 ஒரு தடவை, சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. எப்படிச் சுழற்றினாலும் அப்படி ஒரு நிலை வரவில்லையா? கோர்வை 2-ஐ ஒரு தடவை செய்துவிட்டு மறுபடி தேடுங்கள், வரும்.

கடைசிப் படி மஞ்சளை மேலே திருப்புவது. பெரும்பாலோர் கியூபைத் தூக்கி வீசும் இடமும் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

மஞ்சள் மேலே பார்க்காத ஒரு துண்டை முன்-வலது உச்சியில் வைத்துக் கோர்வை 1-ஐ இரண்டு தடவை செய்யுங்கள். மஞ்சள் மேலே வராவிட்டால் மேலும் இரண்டு தடவை. வந்ததும் கியூபைத் திருப்பக்கூடாது. உச்சிப் பாதியை மட்டும் சுழற்றி அடுத்த துண்டை அதே மூலைக்குக் கொண்டுவரவேண்டும். இதற்குள் கீழே வெள்ளை அடுக்கு கண்டபடி கலைந்து கிடக்கும். கிடக்கட்டும், கடைசித் துண்டு திரும்பும்போது தானாகச் சேரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டாவது அல்லது நான்காவது தடவையில் 'வலது மேலே' செய்தவுடனேயே மஞ்சள் மேலே வந்துவிடும். 'ஆச்சு' என்று கை நின்றுவிடும். 'அடி வலப்பக்கம்' பாக்கி இருக்கிறது! அந்த ஒரு திருப்பம் விட்டுப்போனால் வெள்ளை அடுக்கு சேரவே சேராது, முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதுதான். நாலையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் இது நடக்காது.

பிற்சேர்க்கை: எல்லாம் சரி, ஒரே ஒரு துண்டு மட்டும் திரும்பமாட்டேன் என்கிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். திருப்பம் எதுவும் விட்டுப்போகவில்லை என்றால், கியூப் கீழே விழுந்தோ யாராவது முறுக்கியோ அந்த மூலை தனியாகத் திரும்பியிருக்கிறது. எந்தக் கோர்வையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அந்தத் துண்டை மட்டும் விரலால் பிடித்து, நின்ற இடத்திலேயே திருகிவிடுங்கள். கியூப் கழன்று துண்டுதுண்டாகிவிட்டாலும் இதே கதைதான்: எந்தத் துண்டை எந்த மூலையில் மாட்டினாலும் பரவாயில்லை, திருகல் பொருந்தாவிட்டால் மட்டும் கடைசியில் ஒரு மூலை முரண்டுபிடிக்கும்.