ஒருவர் சொன்னதை எடுத்துக்காட்டிப் பதில் எழுதுவது எப்படி?

கமக்காரர் அமைப்பின் வட்ஸ்அப் குழுவில் இரவு 8 மணிக்கு ஒருவர் "அது சரிவராது" என்று எழுதுகிறார். எது சரிவராது? அதற்கு முன் விழுந்த 40 செய்திகளில் விதைநெல் விலை இருக்கிறது, மாடு கட்டச் சொல்லும் அறிவித்தல் இருக்கிறது, வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் கேட்டது இருக்கிறது, இரண்டு பிறந்தநாள் வாழ்த்தும் இருக்கிறது. ஆளுக்கொன்றை நினைத்துக்கொண்டு பதில் எழுத, விடியும்போது கோபதாபம். எந்த வசனத்துக்குப் பதில் என்பதைக் காட்டியிருந்தால் இது நடந்திராது.

கீழே உள்ளது வட்ஸ்அப்பை வைத்து எழுதியது. கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளர்மாருக்கும் மேற்கோளை எங்கே வெட்டுவது என்ற பகுதி உதவும்.

1. சரியான செய்தியைப் பிடியுங்கள்

பதில் எழுதவேண்டிய செய்தியில் விரலை வைத்து வலப்பக்கம் இழுங்கள். எழுதும் இடத்துக்கு மேல் ஒரு சிறு பெட்டியில் அந்தச் செய்தி வந்து உட்காரும். அனுப்பும் முன் பெட்டியில் இருக்கும் பெயரை ஒருதரம் பாருங்கள். குழு வேகமாக ஓடும்போது செய்திகள் மேலே நகர்ந்துவிடும், விரல் பக்கத்துச் செய்தியைப் பிடித்துவிடும். ஒருவருக்கு எழுதிய மறுப்பு இன்னொருவரின் மரண அறிவித்தலுக்குக் கீழே போய் விழுவது இப்படித்தான்.

பிழையாகப் போய்விட்டால் திருத்தும் வசதியால் பயனில்லை. 15 நிமிடத்துக்குள் நீங்கள் எழுதியதை மாற்றலாம், மேலே ஒட்டிய பெட்டியை மாற்ற முடியாது. எல்லோருக்கும் அழித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.

2. நீண்ட செய்தியில் ஒரு வரிக்கு மட்டும் பதில் என்றால்

அந்தப் பெட்டியில் முதல் சில வரிகள்தான் தெரியும். தலைவர் ஐந்து பந்தி எழுதியிருக்கிறார், உங்கள் கேள்வி நாலாவது பந்தியைப் பற்றியது என்றால் பெட்டி போதாது. செய்தியைப் பிரதி எடுத்து எழுதும் இடத்தில் ஒட்டுங்கள். தேவையான வரியை விட்டுவிட்டு மிச்சத்தை அழியுங்கள். அந்த வரியின் தொடக்கத்தில் > குறியும் ஓர் இடைவெளியும் போடுங்கள். இப்படி:

> கூட்டக் குறிப்பை ஞாயிறு பின்னேரம் போடுறன் (செயலாளர், 12ஆம் திகதி)

ஞாயிறு கோயில் திருவிழா. திங்கள் போட்டாலும் பரவாயில்லை.

இந்தக் குறி வட்ஸ்அப்பில் 2024 பெப்ரவரியில் வந்தது. புதுப்பிக்காத பழைய போனில் வெறும் > என்று தெரியும், விளங்குவதற்குக் குறைவில்லை. இடைவெளி விடாவிட்டால் குறி வேலை செய்யாது. அடுத்த வரிக்கு இறங்காமல் பதிலைத் தொடர்ந்தால் உங்கள் சொல்லும் அவர் சொன்னதுபோல் மேற்கோளுக்குள் சேர்ந்துவிடும். புதியவர்கள் அதிகம் விடும் பிழை இதுதான்.

ஒரு செய்தியை மட்டும் பிரதி எடுத்தால் எழுத்து மாத்திரம் வரும், பெயர் வராது. நீங்கள்தான் எழுதவேண்டும். இரண்டு மூன்றைச் சேர்த்து எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் திகதி, நேரம், பெயர் தானாக வரும். அவரது இலக்கத்தை நீங்கள் சேமித்து வைக்காவிட்டால் பெயருக்குப் பதில் தொலைபேசி இலக்கம் வந்து நிற்கும். வேறு குழுவில் ஒட்டும் முன் அதை அழிக்க மறக்காதீர்கள். பெண்பிள்ளைகளின் இலக்கங்கள் ஊரெல்லாம் சுற்றுவதற்கு இதுவும் ஒரு வழி.

3. வெட்டும் இடம்

மேற்கோளில் பொய் சேர்வது பெரும்பாலும் வெட்டும் இடத்தில்தான். தமிழில் ஆபத்து இன்னும் கூட, ஏனென்றால் எங்கள் வசனத்தில் வினை கடைசியில் வரும், மறுப்பும் கடைசியிலேயே வரும். ஒரு கற்பனைச் செய்தி:

"தண்ணி 15ஆம் திகதி திறக்கிறது எண்டு நான் சொல்லேல்லை."

கடைசி மூன்று சொல்லை வெட்டினால் மிஞ்சுவது "தண்ணி 15ஆம் திகதி திறக்கிறது". எழுதியவர் சொன்னதற்கு நேர் எதிர். அதை நம்பி ஒருவர் விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டால் பிறகு மன்னிப்புக் கேட்டு என்ன? ஊறின நெல்லைத் திரும்ப மூட்டையில் கட்ட முடியாது.

நிபந்தனையும் அப்படித்தான். "வாய்க்கால் திருத்தி முடிஞ்சாத்தான் கடைசி வயலுக்குத் தண்ணி ஏறும், அதுக்குப் பிறகு வேணுமெண்டா 300 ஏக்கர் செய்யலாம்" என்பதில் "300 ஏக்கர் செய்யலாம்" மட்டும் எடுத்தால் வாக்குறுதி ஆகிவிடும். ஆகவே வெட்டுமுன் இரண்டைப் பாருங்கள்: முற்றுவினை உள்ளே இருக்கிறதா, "ஆனால்", "எண்டால்", "-ஆட்டி" என்று வரும் பகுதி வெளியே போகிறதா. நடுவில் விட்டால் மூன்று புள்ளி (...) வையுங்கள். விளங்குவதற்காக நீங்கள் ஒரு சொல் சேர்த்தால் [சதுர அடைப்புக்குள்] வையுங்கள். வட்ட அடைப்பு வேண்டாம், அது அவரே போட்டது என்று எண்ணிவிடுவார்கள்.

எண் வரும் மேற்கோளுக்குத் திகதி கட்டாயம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிறையும் அளவு 36 அடி. மாரியில் ஒரு நாள் மழையோடு நீர்மட்டம் மாறிவிடும், முந்தநாள் எழுதிய அடிக்கணக்கு இன்றைக்கு ஆகாது. "வான்கதவு திறக்கப்படுகிறது" என்ற வரி திகதி இல்லாமல் சுற்றினால் என்ன பதற்றம் வரும் என்பதை 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"நாளைக்கு", "இஞ்ச", "நாங்கள்" ஆகியவையும் இடம் மாறினால் பொருள் மாறும். இன்னொரு அமைப்பின் ஆள் எழுதிய "நாங்கள் காசு கட்டிட்டம்" என்பதை உங்கள் குழுவில் அப்படியே போட்டால் உங்கள் அமைப்புக் கட்டியதாக வாசிப்பார்கள். "நாங்கள் [கீழ் வாய்க்கால் அமைப்பு] காசு கட்டிட்டம்" என்று போடுங்கள்.

4. நேரே கேட்டதா, கேள்விப்பட்டதா

மேற்கோள் குறிக்குள் வைத்தால் அந்தச் சொற்கள் அப்படியே அவருடையவை என்று பொருள். சொல் நினைவில்லை, கருத்துத்தான் நினைவு என்றால் குறியை விட்டுவிட்டு, "தான் வருவதாகத் தலைவர் சொன்னார்" என்று எழுதுங்கள். அப்போது "நான்" என்பது "தான்" ஆகவேண்டும். "நான் வருவதாகத் தலைவர் சொன்னார்" என்றால் வரப்போவது நீங்கள். மூன்றாவது ஆள் மூலம் வந்த கதைக்கு எங்களிடம் அருமையான ஒரு விகுதி இருக்கிறது: "வருவாராம்". கூச்சப்படாமல் அந்த "ஆம்"ஐப் போடுங்கள். கேள்விப்பட்டதை "வருவார்" என்று எழுதினால் பொறுப்பு உங்கள் தலையில்.

5. பேச்சுத்தமிழ், ஆங்கில எழுத்து, சிங்களக் கடிதம்

ஒருவர் "செய்யேலாது" என்று எழுதியிருந்தால் "செய்ய முடியாது" என்று திருத்தாதீர்கள். எழுத்துப்பிழையையும் விட்டுவிடுங்கள். அதைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பது விவாதத்தில் தோற்றவரின் வேலை. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழை வாசிக்க வயதானவர்கள் கஷ்டப்படுவார்கள், தமிழ் எழுத்துக்கு மாற்றலாம். "தமிழ் எழுத்தில் மாற்றியது நான்" என்று ஒரு வரி சேருங்கள். திணைக்களக் கடிதம் சிங்களத்தில் வந்தால் மொழிபெயர்ப்போடு மூலத்தின் படத்தையும் போடுங்கள். ஒரு சொல்லில் ஐயம் வந்தால் தெரிந்தவர் பார்த்துச் சொல்ல இடம் இருக்கும்.

6. குரல் பதிவு, ஸ்கிரீன்ஷொட்

குரல் பதிவை இழுத்துப் பதில் போட்டால் பெட்டியில் அதன் நீளம்தான் தெரியும். "1 நிமிடம் 20ஆவது செக்கனில் பசளை பற்றிச் சொன்னதற்கு" என்று எழுதுங்கள், மூன்று நிமிடத்தையும் மறுபடி கேட்கவேண்டி வராது. ஸ்கிரீன்ஷொட் கடைசி வழி. அதில் நேரம் இருக்கும், திகதி பெரும்பாலும் இராது. பிறகு தேடினாலும் கிடைக்காது.

தனியே அனுப்பிய செய்தியைக் குழுவில் போடுவதற்கு அவரிடம் கேட்கவேண்டும். "அண்ணை, நீங்கள் சொன்னதைக் குழுவில போடட்டோ?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அவர் மறுத்தால் பெயரை மறைத்துப் போடுவதும் சரியில்லை. சின்ன ஊரில் பேச்சு நடையை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

பெயரை எப்படிக் குறிப்பிடுவது? நேரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படி: மாஸ்டர், அக்கா, தலைவர் ஐயா. முரண்படும்போது மட்டும் முழுப்பெயருக்கு மாறினால் அந்தக் குளிர் எல்லோருக்கும் தெரியும். "சிலர் சொல்கிறார்கள்" என்று சாடையாகக் குத்துவது அதைவிட மோசம், குழுவில் பாதிப்பேர் தங்களைத்தான் என்று நினைப்பார்கள்.

நீங்கள் பிழையாக மேற்கோள் காட்டியதை ஒருவர் சுட்டிக்காட்டினால் பழைய செய்தியைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். அதை வைத்து எழுதிய பதில்கள் அந்தரத்தில் தொங்கும். உங்கள் செய்தியையே இழுத்து, அதற்குக் கீழே அவர் எழுதிய முழு வசனத்தையும் போட்டு, "நான் பாதியைத்தான் எடுத்திருந்தேன், முழுவதும் இது" என்று எழுதுங்கள். வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருந்தால் இதையும் அதே குழுக்களுக்கு அனுப்புங்கள்.