ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 துப்பாக்கிகளை அடையாளம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 விளையாடுகிற பலருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு கேள்வி வரும். கதாநாயகன் ஆர்தர் மோர்கன் இடுப்பில் தொங்கும் இந்தத் துப்பாக்கி நிஜத்தில் எது? நல்ல கேள்வி. கதை நடப்பது 1899-ல், பின்கதை 1907-ல். துப்பாக்கிகள் தலைமுறை மாறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. கரிமருந்தின் இடத்தைப் புகையில்லா வெடிமருந்து பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடும் ராணுவ ரைஃபிளும், தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலும் ஒரே நேரத்தில் புழங்கின. இந்த விளையாட்டின் ஆயுதப் பட்டியல் அவ்வளவு சுவையாக இருப்பதற்கு அதுதான் காரணம். அதைப் பற்றி எழுதுகிறவர்களும் வீடியோ போடுகிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி தவறுவதற்கும் அதுதான் காரணம்.

தவறுகளில் பாதி ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன: திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டு உடனே தேடப் போவது. நான் சொல்வது வேறு வழி. பெயரை மறந்துவிட்டு, ஆர்தர் தோட்டா நிரப்புவதைப் பாருங்கள். துப்பாக்கி எந்தப் பக்கம் திறக்கிறது, தோட்டா எந்த வழியாக உள்ளே போகிறது, காலிக் கூடு எப்படி வெளியே வருகிறது? அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் தங்கள் அடையாளத்தை அங்கேதான் வைத்திருக்கின்றன.

பெயர் காட்டும் தவறான வழி

ஆரம்பத்திலேயே கைக்கு வரும் கேட்டில்மேன் ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். அது கோல்ட் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. அமெரிக்க ராணுவம் 1873-ல் ஏற்றுக்கொண்ட ரிவால்வர். ஆனால் கேட்டில்மேன் என்று தேடினால், அந்தக் கோல்ட்டை அச்சு அசலாக நகலெடுத்து இத்தாலியின் உபெர்ட்டி நிறுவனம் விற்கும் இக்கால ரிவால்வர்தான் முதலில் வந்து நிற்கும். அதன் பெயரும் கேட்டில்மேன்தான். உபெர்ட்டி 1959-ல் தொடங்கிய நிறுவனம். அந்தப் பக்கத்தில் இருக்கும் படத்தையும் எடையையும் அளவையும் அப்படியே எடுத்து, 19-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கியின் விவரம் என்று போட்டுவிடுகிறார்கள்.

லான்காஸ்டர் ரிப்பீட்டரிலும் இதே கண்ணி இருக்கிறது. லண்டனில் சார்லஸ் லான்காஸ்டர் என்ற பெயரில் உண்மையாகவே புகழ்பெற்ற துப்பாக்கி நிறுவனம் இருந்தது. பல குழல்கள் கொண்ட கைத்துப்பாக்கிகளுக்குப் பேர்போனது. விளையாட்டில் வரும் லீவர் ரைஃபிளுக்கும் (விசைக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவைக் கொண்டுவருவது) அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இது 1873 வின்செஸ்டரை ஒட்டிச் செய்தது.

இவை கற்பனைப் பெயர்கள். சரி, ஸ்பிரிங்ஃபீல்டு, ஸ்கோஃபீல்டு, மவுசர், கார்கானோ, எவன்ஸ் எல்லாம் நிஜப் பெயர்கள்தானே, அங்கே என்ன சிக்கல் என்று கேட்கலாம். நிஜப் பெயர்தான் இன்னும் ஏமாற்றும். ஸ்பிரிங்ஃபீல்டு என்பது மாசசூசெட்ஸில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையின் ஊர்ப் பெயர். அங்கே செய்த 1861 ரைஃபிள் குழல்வாய் வழியாக மருந்து கெட்டிப்பது. 1873 ரைஃபிளில் பின்புறம் ஒரு சின்ன மூடி மேல்நோக்கித் திறக்கும். அதில் ஒரே ஒரு தோட்டா வைக்கலாம். 1903 ரைஃபிள் ஐந்து தோட்டா கொள்ளும் போல்ட் வகை, அதாவது பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்துத் திறப்பது. மூன்றுமே ஸ்பிரிங்ஃபீல்டுதான். பின்கதை 1907-ல் நடக்கிறது என்பதால் 1903 ரைஃபிள் என்று எழுதியவர்களும் உண்டு. ஆர்தர் மூடியைத் திறந்து ஒரு தோட்டாவைச் செருகுவதைப் பார்த்திருந்தால் சந்தேகமே வராது, அது 1873.

மூன்று லீவர் துப்பாக்கி, ஒரே குடும்பம்

கீழே லீவர் இருந்தால் போதும், அது வின்செஸ்டர் என்று சொல்லிவிடுகிற பழக்கம் இருக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். இந்த விளையாட்டில் ஒரு முழு வம்சாவளியே வரிசையாக இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

வால்கானிக் பிஸ்டல் அந்த வம்சத்தின் மூத்தது. 1855-ல் தொடங்கிய வால்கானிக் நிறுவனத்தில் ஆலிவர் வின்செஸ்டர் பணம் போட்டிருந்தார். அந்தத் துப்பாக்கிக்குத் தனியாக உலோகக் கூடு கொண்ட தோட்டா கிடையாது. ஈயக் குண்டின் அடிப்புறம் குடைந்திருக்கும், வெடிமருந்து அதற்குள்ளேயே இருக்கும். அவ்வளவு சிறிய இடத்தில் எவ்வளவு மருந்து கொள்ளும்? அதனால் வேகம் மிகக் குறைவு. நிறுவனம் நொடித்து நியூ ஹேவன் ஆர்ம்ஸாக மாறியபோது, அங்கிருந்த பெஞ்சமின் டைலர் ஹென்றி உலோகத் தோட்டாவைச் சுடும்படி அந்த வடிவத்தைத் திருத்தினார். அதுதான் 1860 ஹென்றி ரைஃபிள். விளையாட்டில் லிட்ச்ஃபீல்டு ரிப்பீட்டர். அதன் பிறகு 1866-ல் வின்செஸ்டர் என்ற பெயரே வந்தது. 1873 மாடல், அதாவது நம்முடைய லான்காஸ்டர், அந்த வரிசையில் அடுத்தது.

ஹென்றியையும் வின்செஸ்டரையும் பிரித்தறிவது எளிது. ஹென்றியில் குழலுக்கு அடியில் கைபிடிக்கும் மரக்கட்டை இருக்காது, பக்கவாட்டில் தோட்டா திணிக்கும் வாசலும் இருக்காது. குழலுக்கு அடியில் ஓடும் நீண்ட உருளையின் முன்முனையைத் திறந்துதான் தோட்டா போட வேண்டும். வின்செஸ்டரில் விலாவில் ஒரு சிறு வாசல், முன்னே மரக்கட்டை. இந்த இரண்டைப் பார்த்தால் போதும்.

ஆனால் பலர் பார்ப்பது நிறத்தை. நடுவில் பித்தளை மின்னினால் ஹென்றியாம். முதலாவதாக, 1866 வின்செஸ்டருக்கும் மஞ்சள் உடம்புதான். அதன் செல்லப் பெயரே அந்த மஞ்சளால் வந்தது. இரண்டாவதாக, இந்த விளையாட்டில் துப்பாக்கிக் கடைக்குப் போனால் உலோகத்தின் நிறத்தை மாற்றலாம், செதுக்குவேலையும் செய்துகொள்ளலாம். வேறொருவர் அலங்கரித்து வைத்த துப்பாக்கியின் படத்தை வைத்து அடையாளம் சொல்லாதீர்கள். கடையில் முதன்முதலாக இருக்கும் நிலையைப் பாருங்கள்.

பழைய கௌபாய் படங்களில் பார்த்த நினைவை நம்புவதும் ஆபத்துதான். 1870-களில் நடக்கும் கதைகளில்கூட 1892 வின்செஸ்டரைத்தான் ஹாலிவுட் பெரும்பாலும் கையில் கொடுத்தது.

ரிவால்வர்களிலும் நிரப்பும் முறையே பேசும். கோல்ட்டில் பின்பக்கச் சிறு கதவைத் திறந்து, காலிக் கூட்டை ஒரு கம்பியால் தள்ளி, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஸ்கோஃபீல்டு மாடல் அப்படியல்ல. மேலே இருக்கும் கொக்கியை விடுவித்தால் குழல் முன்பக்கம் மடங்கும், எல்லாக் காலிக் கூடுகளும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிடும். குதிரை மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. முன்பே இப்படி மடங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியில் அந்தக் கொக்கியைத் திருத்தியவர் ஜார்ஜ் ஸ்கோஃபீல்டு என்ற குதிரைப்படை மேஜர்.

ரோலிங் பிளாக் ரைஃபிளை ஷார்ப்ஸ் என்று எழுதுவதையும் பார்க்கிறேன். இரண்டும் நீளமானவை, இரண்டிலும் ஒரே தோட்டா, இரண்டையும் எருமை வேட்டைக்காரர்கள் விரும்பினார்கள். ஆனால் ஷார்ப்ஸில் லீவரை இறக்கினால், குழலின் பின்வாயை மூடும் அடைப்புக்கட்டை கீழே இறங்கும். ரெமிங்டன் ரோலிங் பிளாக்கில் லீவரே கிடையாது. துப்பாக்கியின் குதிரையை, அதாவது பின்னால் இருக்கும் சுத்தியலை இழுத்து, அடைப்பைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். பெயரே அதைத்தான் சொல்கிறது.

வெறுமனே போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் என்று பெயர் வைத்திருப்பது கிராக்-யோர்கன்சன். நார்வே நாட்டு வடிவம், அமெரிக்க ராணுவம் 1892-ல் தேர்ந்தெடுத்தது. வலப்பக்கம் ஒரு கதவு திறக்கும், தோட்டாக்களைத் தனித்தனியாக உள்ளே போட வேண்டும். தோட்டாக்களை வரிசையாகப் பிடித்திருக்கும் தகடான கிளிப் இதில் வேலைக்கு ஆகாது. அதை மவுசர் ரைஃபிள் என்று சொல்லிவிட்டால் கதையே மாறிவிடும். 1898-ல் கியூபாவில் கிராக் ஏந்திய அமெரிக்கர்கள், கிளிப்பிலிருந்து ஐந்து தோட்டாவையும் ஒரே தள்ளில் நிரப்பிய ஸ்பானிய மவுசர்களுக்கு எதிரேதான் நின்றார்கள்.

தெரிந்த முகம் என்று ஏமாறுவது

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலைப் பார்த்ததும் லூகர் என்பார்கள். லூகர் அதன் வாரிசு; இது போர்ஷார்ட் சி93. மேலே முழங்கால் போல மடங்கும் பாகம் இரண்டிலும் இருக்கிறது, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. போர்ஷார்ட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கும் பெரிய புடைப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், கைப்பிடி ஏறத்தாழ நேராக இறங்கும். லூகரில் கைப்பிடி சாய்ந்திருக்கும், அந்தப் புடைப்பு இருக்காது. சுவிட்சர்லாந்து ராணுவம் லூகரை ஏற்றதே 1900-ல்தான்.

மவுசர் பிஸ்டல் சி96 என்பது சரி. அதன் விசைக்கு முன்னால் இருக்கும் பெட்டியைக் கழற்றி மாட்டும் மேகசின் என்று விவரிப்பதுதான் தவறு. அது உடம்போடு சேர்ந்தது. பத்துத் தோட்டா அடுக்கிய தகட்டை மேலே பொருத்தி உள்ளே அழுத்துவார்கள். கழற்றும் மேகசின் கொண்ட வகைகள் 1930-களில் வந்தவை. கைப்பிடியில் சிவப்பாக 9 என்று செதுக்கிய சி96 படத்தை இந்தக் கதையோடு சேர்த்துப் போடாதீர்கள், அது முதல் உலகப் போரின்போது செய்தது.

ஆண்டு என்றால் எந்த ஆண்டு?

ஒரு துப்பாக்கிக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் உண்டு: காப்புரிமை வாங்கியது, விற்பனைக்கு வந்தது, ராணுவம் ஏற்றது. எதைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாமல் வெறும் ஆண்டை எழுதினால் படிப்பவருக்குப் பயனில்லை. செமி ஆட்டோ ஷாட்கன் நல்ல உதாரணம். அது ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஆட்டோ-5. காப்புரிமை 1900-ல், தயாரிப்பு அதற்கும் பிறகு. எனவே 1907 பின்கதையில் அது இருப்பது இயல்பு. 1899 அத்தியாயங்களிலேயே கைக்கு வந்துவிடுவது காலப்பிழை. இப்படிப் பிரித்துச் சொன்னால்தான் அது நியாயமான விமர்சனம்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. 1899-ல் ஏன் எல்லாரும் 1873 மாடலை வைத்திருக்கிறார்கள், இது பிழையல்லவா என்று கேட்பது. நல்ல இரும்புப் பொருள் இருபத்தாறு ஆண்டில் குப்பைக்குப் போவதில்லை. கோல்ட் அப்போதும் விற்றுக்கொண்டிருந்தது.

எண்களும் சொற்களும்

விளையாட்டில் ரிவால்வர் தோட்டா என்று ஒரே வகைதான். எல்லா ரிவால்வருக்கும் அது பொருந்தும். வசதிக்காகச் செய்தது, அதை நிஜம் என்று எழுதக் கூடாது. நிஜத்தில் கோல்ட்டும் ஸ்கோஃபீல்டும் 45 என்றே சொல்லப்பட்டன. ஆனால் கோல்ட்டின் தோட்டா ஸ்கோஃபீல்டுக்கு நீளம் அதிகம், உள்ளே போகாது. ஸ்கோஃபீல்டின் குட்டைத் தோட்டா கோல்ட்டில் போகும். ஒரே ராணுவத்தில் இரண்டும் இருந்தபோது இது என்ன தலைவலி கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

45-70 என்ற தோட்டாப் பெயரில் 70-ஐக் குண்டின் நீளம் என்று விளக்குவதையும் கண்டிருக்கிறேன். முதல் எண் குழலின் விட்டம், அங்குலத்தில் நூறில் 45 பங்கு. இரண்டாவது கரிமருந்தின் எடை, 70 கிரெய்ன், ஏறத்தாழ நாலரை கிராம்.

தமிழில் எழுதும்போது தோட்டாவையும் குண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது. கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. குழலை விட்டுப் பறப்பது குண்டு மட்டும். பல குழல்கள் கொண்ட கேட்லிங் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கி என்று சொல்வதும் அப்படித்தான். அதைக் கையால் சுற்ற வேண்டும், நிறுத்தினால் அதுவும் நிற்கும். சுட்ட உந்துவிசையாலேயே தொடர்ந்து ஓடியது மேக்சிம், 1884-ல் வந்தது.

விளையாட்டில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் காட்டும் திறன் பட்டைகளை வைத்து நிஜத் துப்பாக்கிகளை ஒப்பிடுவது முற்றிலும் வீண். அவை ஆட்டம் சமநிலையில் இருப்பதற்காக வைத்தவை. ஆனால் கொள்ளளவு வேறுபட்டால் உடனே விளையாட்டைக் குறை சொல்லவும் அவசரப்பட வேண்டாம். எவன்ஸ் ரிப்பீட்டருக்கு விளையாட்டில் 26 தோட்டா. நிஜத்தில் 34 என்று ஒருவர் திருத்துவார். மெயின் மாநிலத்துப் பல் மருத்துவர் வாரன் எவன்ஸ், பின்கட்டைக்குள் திருகாணி போலச் சுழலும் மேகசினை வைத்துச் செய்த முதல் மாடல்களுக்கு அந்த எண் சரிதான். பிறகு நீளமான தோட்டாவுக்கு மாறினார்கள், கொள்ளளவும் இருபதுகளுக்கு இறங்கியது. திருத்துவதற்கு முன் எந்த மாடலைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.